முப்பத்தேழு ஊக்கு

நாலே முக்கால். இன்னும் விடியவில்லை.
நைரோபி, பார்க்லண்ட்ஸ், மூன்றாம் மாடி.
மின்சாரம் போய் அரை மணியாகிறது.

வெள்ளைப் பட்டு, சிவப்புக் கரை.
பனேதர் என்பார்கள் குஜராத்திகள்.
பெட்டியில் கிடந்து கிடந்து
நெடுக்கே ஒன்று, குறுக்கே ஒன்று
மடிப்பு விழுந்திருந்தது,
பிரித்துப் போட்ட தபால் உறை போல.
இஸ்திரிப் பெட்டி சில்லென்றிருந்தது.

"ஜெனரேட்டர்?" என்றாள் ஞாம்புரா.
"போன மாதமே கெட்டுப்போச்சு"
என்றார் குசும் மாசி,
கெடுத்தது அவள்தான் என்பது போல.

காவலாளி முத்துவாவிடம் ஒரு கரிப்பெட்டி உண்டு,
தன் சீருடைக்கென்று வைத்திருப்பது.
படியேறும்போதே வீசி வீசிக்
கங்கைக் கனியவைத்துக்கொண்டு வந்தான்.
ஒரு பொறி போதும்.
ஈரத்துண்டு விரித்து, அதன் மேல் தேய்த்தாள்.
மாசி மூச்சுவிட மறந்து நின்றார்.
பிறகு ஞாபகம் வந்து,
"எங்கள் முந்தானை வலத்தோள் வழியே
முன்பக்கம் வரும், தெரியுமா?"

"கபர் சே, மாசி."

"யார் சொல்லிக்கொடுத்தார்கள்?"

யாருமில்லை.
நம் எழுத்தில் சொல்லுக்கு முன்னால்
வந்து நிற்கத் தயங்கும் ங
அந்த ஊரில் ஒரு தெருவுக்கே தலை:
ஙாரா சாலை.
பதினோரு வருஷம் முன்பு
அங்கே ஒரு பார்லரில் அவளுக்குக் கிடைத்த வேலை
அவிழ்ப்பது.
கல்யாணம் முடிந்த இரவு, இரண்டு மணிக்கு,
ஓட்டல் அறையில் தூங்கி விழும் பெண்களை
நிற்கவைத்து
ஊக்கு ஊக்காய் உருவி
சரிகை ஒடியாமல் மடித்துவைப்பது.
கட்டுகிறவர்கள் கதவைச் சாத்திக்கொண்டு கட்டினார்கள்.
இவள் கடைசிப் பக்கத்திலிருந்து படித்தாள்.
எந்த ஊக்கை எடுத்தால் தோள் சரிகிறது,
எதை எடுத்தாலும் ஒன்றும் ஆவதில்லை,
எது வெறும் பயத்தில் குத்தியது.

இப்போது கொசுவம்.
கட்டைவிரலுக்கும் சுண்டுவிரலுக்கும் நடுவே ஏழு.
உதட்டில் வரிசையாய் ஊக்குகள்.
பேச வேண்டியிருந்தால் கையில் துப்பிக்கொள்வாள்.
"உட்கார். எழு.
குனிந்து மாமியார் காலைத் தொடு.
கொஞ்சம் அழு."
"அழ வரலையே."
"அப்போ சிரி. இடுப்பு பிடிக்குதா?"

மாசி டீக்குப் போன நேரம்
ஜங்கனா கண்ணாடியைப் பார்த்தே கேட்டாள்:
"ராத்திரி வருவீங்களா, எடுக்க?"

கட்ட எட்டாயிரம் ஷில்லிங்.
மாலையில் லெகங்காவுக்கு மாற்ற ஐயாயிரம்.
அவிழ்க்க என்று ஒரு வரி
அவள் விலைப்பட்டியலில் இல்லை.
ஒருகாலத்தில் அது மட்டும்தான் இருந்தது.

"அவரை நாலு தடவைதான் பார்த்திருக்கேன்."

ஞாம்புரா பதில் சொல்லவில்லை, வாய் நிறைய ஊக்கு.
அந்த விரலைப் பிடித்து
முந்தானைக்கு அடியில் கொண்டுபோனாள்.
இடது இடுப்பில், உள்மடிப்பில், குளிர்ச்சியாய் ஒன்று.
பிறகு ஊக்குகளைத் துப்பிவிட்டுச் சொன்னாள்:
"இது முதல்.
அப்புறம் தோளுக்குள் இரண்டு.
அப்புறம் முதுகு. முதுகுக்கு முந்தானையை முன்னால் இழு,
ஊக்கு தானாக உன்னிடம் வரும்.
எல்லாம் முப்பத்தேழு.
லெகங்காவுக்கும் அதே இடம், அதே கணக்கு.
கதவைச் சாத்திக்கோ. அவசரமில்லை."

கண்ணை மூடி
வாய்ப்பாடு போல முணுமுணுத்தாள் பெண்.
இடுப்பு, தோள், தோள், முதுகு.
டீயோடு வந்த மாசி, "என்ன, மந்திரமா?" என்றார்.
"ஆமாம்" என்றார்கள் இருவரும்.

மாலையும் போய்
லெகங்காவும் மாற்றி, படி இறங்கும்போது
கட்டிடம் முழுக்க விளக்கு வந்தது.
கைபேசி ஒருமுறை நடுங்கியது. எம்-பேசா.
பணத்துக்கு அங்கே பேசா என்றுதான் பெயர்,
சொன்னபடியே பேசாமல் வந்து சேர்ந்திருந்தது.
முத்துவாவுக்கு, கரிக்கு என்று எழுதி
முந்நூறு அனுப்பினாள்.

நள்ளிரவு தாண்டிப் பத்து நிமிஷம்.
வெந்நீரில் கால் வைத்து உட்கார்ந்திருந்தவளுக்கு
ஒரு படம் வந்தது:
ஓட்டல் சாசரில் ஊக்குக் குவியல்.
"நானே எடுத்தேன்.
ஆனா முப்பத்தாறுதான் இருக்கு."

கையைத் துடைத்துக்கொண்டு எழுதினாள்:
"செருப்பில்லாமல் நடக்காதே."