ஈற்றுச் சீர்

கோட்டையின் கீழறையில்
கப்பல் இறக்கிய உடைமைகளுக்குப் பட்டியல் எழுதினேன்,
நான் மீரா நயினார்,
பினாங்குக் கும்பினிக்கு மாதம் எட்டு வெள்ளித் துபாஷி.
வெற்றிலைச் செல்லம் ஒன்று. மூடி இல்லை.
பட்டு அங்கவஸ்திரம் இரண்டு. ஒன்றில் வெடிமருந்துக் கரி.
ஓலைக்கட்டு ஒன்று.
ஆள்: ஆலங்கோம்பைச் செவ்வந்தியப்பத் தேவர்,
முன்னாள் பாளையக்காரர்.

கேப்டன் கடைசி ஓலையைத் தூக்கிப் பிடித்தார்.
வரி முடியாமல் நிற்பது அவர் கண்ணுக்கும் தெரிந்தது.
'இங்கே என்ன ஒளித்திருக்கிறான்? படி.'

கொட்டும் முரசம் கிழிந்தாலும் என்கோட்டை
விட்டுப் பிரியாதாம்

அவ்வளவுதான். பிறகு வெற்று ஓலை.

காயல்பட்டினத்தில் பிரம்படி பட்டுப் படித்த யாப்பு
விரல் நுனிக்கு வந்தது.
வெண்பா முடிய நாலே வாசல்:
நாள், மலர், காசு, பிறப்பு.
முன்னால் காய் நிற்கிறது, நேரில்தான் தொடங்கணும்.
மலர் போச்சு. பிறப்பும் போச்சு.
மிச்சம் நாளும் காசும்.
கும்பினிக் கடிதம் கேட்டதும் அந்த இரண்டைத்தான்:
எந்த நாளில், எத்தனை காசு.

தேவரிடம் கேட்டேன்.
'என் பாட்டில்லை, திருமேனிக் கவிராயர் பாட்டு.
சபையில் சொல்லிக்கொண்டிருந்தார்.
இந்த இடத்தில் மூச்சு எடுத்தார்.
மேலைச் சுவர் விழுந்தது.'
கப்பலில் நாற்பத்தேழு நாள்
ஒவ்வொரு சொல்லாக வைத்துப் பார்த்தாராம்.
எழுதவில்லை.
'அவர் இடத்தில் நான் உட்காரலாமா?'

அடுத்த அறையிலிருந்து ஒச்சாத்தேவன் கத்தினான்:
'அந்தப் பாட்டுக்கு முன்கூட்டியே ஒரு பொன்முடிப்பு!
அந்தப் பொன்னுக்கு மருந்து வாங்கியிருந்தால்
என் தம்பிமார் இரண்டு பேர்
இன்னும் கம்பு விதைத்துக்கொண்டிருப்பார்கள், மகாராசா!'
தேவர் மறுக்கவில்லை.
செல்லத்தைத் திறந்து,
இல்லாத மூடியைத் தேடினார்.

'வாள்,' என்றார் கேப்டன்.
தமிழில் அவருக்குத் தெரிந்த பத்துச் சொல்லில் அதுவும் ஒன்று.
'வாள்தானே? மிளகுக் காட்டில் ஆள் திரட்டச் சைகை.'
வாள் பொருந்தும். பாட்டும் பொருந்தும்.
தீ, பேய், காற்று, எல்லாம் பொருந்தும்.
வாள் என்றால் கயிறு.
ஓலை எப்படியும் அடுப்புக்கு.

'நாய், துரை,' என்றேன்.
'எசமான் போனாலும் கோட்டையை விட்டுப் போகாத நாய்.
வேட்டை நாயைப் பற்றிய பாட்டு.'

கேப்டன் சிரித்த சிரிப்பில் மெழுகுவர்த்தி அணையப் பார்த்தது.
'நாய்க்குப் பாட்டு! இவனா எங்களோடு சண்டை போட்டவன்?'
ஓலைக்கட்டைத் தேவர் மடியில் எறிந்துவிட்டு
மாடிக்குப் போனார்.

தேவர் முகத்தை நான் பார்க்கவில்லை.
கட்டைவிரல் மட்டும் மற்ற விரல்கள் மேல்
மெல்ல ஏறி இறங்கியதைப் பார்த்தேன்.
நெடுநேரம்.
வெளியே பாக்கு மரங்களில் மழை பிடித்துக்கொண்டது.
அப்புறம் சொன்னார்,
சபையில் ஒரு புலவனுக்குச் சொல்வதுபோல்:
'தளை தட்டவில்லை.'

பக்கத்து அறையில் ஒச்சாத்தேவன்
கால் மாற்றி உட்கார்ந்தான்.
இரும்பு தட்டியது.