கடித்த தடம்

வீட்டின் பின்னால் புகையடுப்பின் மேல்
ஒரு முழம் பனி.
மூடியைத் தோண்டி எடுப்பதற்குள்
விரல் விறைத்துவிடும்.
கான்சஸ் சிட்டியில் பிப்ரவரி இப்படித்தான்.
ஆகவே இன்று சமையலறை ஓவன்.
பேருந்துப் பணிமனையில் யாருக்கும் தெரிய வேண்டாம்.

பன்றி விலாவைக் கவிழ்த்துப் போட்டேன்.
எலும்பின் முதுகில் ஒட்டிக் கிடக்கும் சவ்வு,
நனைந்த கண்ணாடித்தாள் மாதிரி.
கத்திமுனையால் ஓரத்தைக் கிளப்பி
காகிதத் துண்டால் பிடித்து இழுத்தால்
ஒரே இழுப்பில் வரும், சில நாள்.
இன்று நான்காய்க் கிழிந்தது.

கடுகு விழுது, மிளகு, பாப்ரிக்கா,
பழுப்புச் சர்க்கரை ஒரு கைப்பிடி.
அப்புறம், பாட்டிலில் அடைத்து விற்கிறார்களே புகை,
அதில் ஒரு சொட்டு.
விட்டதும் சுற்றிலும் பார்த்துக்கொண்டேன்
திருடியவள் போல.

பதினோரு கோடையாய் தேவாலயத் திடலில்
விலாப் போட்டிக்கு நடுவர் நான்.
என் சட்டம் ஒன்றே ஒன்று:
கடித்தால் கடித்த இடம் மட்டும் வர வேண்டும்,
கறியில் பிறை போல் பல்தடம் நிற்க வேண்டும்.
தூக்கும்போதே கழன்று விழுந்தால்
"இது விலாவா, கூழா?" என்று
தட்டைத் தள்ளிவிடுவேன்.
ஆர்லீன் ப்ரூயிட் மூன்று வருடமாய்
என்னோடு பேசாதது அதனால்தான்.

அலுமினியத் தாளுக்குள் கொஞ்சம் ஆப்பிள் சாறு.
மடித்த விளிம்பை விரலால் அழுத்தினேன்.
ஃபாரன்ஹீட்டில் இருநூற்று எழுபத்தைந்து.
கதவைச் சாத்தினேன்.

ஹாலிஸ் சோபாவில்.
மேல்வரிசையில் மிச்சமிருந்த பன்னிரண்டையும்
மருத்துவர் பிடுங்கி ஒன்பது நாள்.
பல் போனால் சொல் போகும் என்பது
இவனிடம் பலிக்கவில்லை.
கூடைப்பந்து நடுவரை, வானிலை சொல்பவனை,
நேற்று நான் வைத்த கிழங்கு மசியலை,
ஒன்றையும் விடாமல் திட்டுகிறான்,
சகரமெல்லாம் வெறும் காற்றாக.
ஓவன் மணக்கத் தொடங்கிய பிறகுதான்
பேச்சு நின்றது.

இரண்டரை மணி நேரம்.
தாளைப் பிரித்து இடுக்கியால் தூக்கினேன்.
பட்டை நடுவில் வளைந்தது,
மேலே மெல்லிய விரிசல் ஓடியது.
இதுதான். இந்த நிமிடம்தான்.
திடலில் என்றால் முதல் பரிசு.

எடுக்கவில்லை.
தாளைத் திரும்ப மடித்தேன்.
இன்னும் ஒன்றேகால் மணி நேரம்
என் சட்டத்தைத் தாண்டி
கறி தனியே போய்க்கொண்டிருந்தது.
நான் பாத்திரம் கழுவினேன்.
கழுவியதையே மறுபடி கழுவினேன்.

சாஸ் பூசினேன், தக்காளியும் வெல்லப்பாகும்.
மேல்சூட்டில் முறுக விடவில்லை,
முறுகல் அவன் ஈறுக்கு ஆகாது.
எலும்பைப் பிடித்து இழுத்தேன்.
எலும்பு மட்டும் கையோடு வந்தது
வெள்ளையாய், வெட்கமே இல்லாமல்.

கரண்டியால் அள்ளினான்.
நாக்குக்கும் அண்ணத்துக்கும் நடுவில் வைத்துக்கொண்டு
கண்ணை மூடியிருந்தான், ரொம்ப நேரம்.
"நடுவரம்மா, எத்தனை மதிப்பெண்?"

"கூழ்" என்றேன்.

"இன்னொரு கிண்ணம்" என்றான்.

தட்டில் பன்னிரண்டு எலும்பு.
ஒன்றையும் யாரும் கடிக்கவில்லை.
ஆர்லீன் அன்று
வீட்டில் யாருக்குச் சமைத்துப் பழகிய கையோடு வந்தாளோ,
நான் கேட்கவில்லை.

அவள் எண் பழைய டைரியில் இருக்கும்.
தேட வேண்டும்,
இந்தப் பிசுக்கைக் கழுவிவிட்டு.