அரைப்பேர்

வெள்ளிக்கிழமை ஏழரைக்கு
ஹட்டன் மண்டபத்தில் மணி அடிப்பவள் நான்.
கணக்குப் புத்தகமும் என் மடியில்தான்.
கினிகத்தேனை வளைவுகளில் வாந்தியெடுத்துக்கொண்டே
கொழும்பிலிருந்து ஏறி வரும் கமராக்காரனுக்கு
இஞ்சிப் பிளேன்டி ஊற்றுவதும் நான்.

அரை மணி நேரம்
ஒரு லட்சத்து நாற்பதாயிரம்.
சனல் எங்களுக்குத் தருவதல்ல,
நாங்கள் சனலுக்குக் கட்டுவது.
டீவியில் வருகிறீர்கள், உங்களுக்கென்ன குறை
என்கிறார்கள் பஸ்ஸில்.

ஆறு ரவுண்ட். இடையில் ஐந்து ஓய்வு.
ஓய்வுக்கு ஒரு நிமிடம், நிமிடத்துக்கு இரண்டு விளம்பரம்.
லீசிங் கம்பனி, உர மூட்டை, சளி மருந்து,
நவ்பர் ஹாஜியாரின் சாரிக் கடை.
ஒன்று பதினெட்டாயிரம். பத்தும் விற்றால்
ஒரு லட்சத்து எண்பது.
அடிபடும் இருவருக்கும் பதினைந்து பதினைந்து.
மண்டபம், ஜெனரேட்டர், டொக்டர், எல்லாம் சேர்த்துப் பத்து.
கழித்துப் பாருங்கள்,
பூச்சியம் எவ்வளவு வட்டமாக வருகிறது.
குணாளன் சாப்பிடுவது வாசலில் கிழிக்கும் டிக்கட்டில்.

நாங்கள் விற்பது குத்தை அல்ல.
குத்து இலவசம்.
குத்து வாங்கியவன் முக்காலியில் சாய்ந்து
வாய் கொப்பளித்து வாளியில் துப்புகிறானே, அந்த ஒரு நிமிடம்.
அப்போது அவன் முகம் திரையில் இருக்காது.
தவணையில் ஓட்டோ எடுத்த குடும்பம் ஒன்று
கடற்கரையில் சிரித்துக்கொண்டிருக்கும்.

போன மாதம் மேல் டிவிசன் சானுஜன்.
பகல் முழுக்கக் கவ்வாத்து வெட்டிய தோள்.
எதிரே தியத்தலாவை முகாமிலிருந்து கோப்ரல் இசுரு.
தகரத்தில் மழை. மணி அடித்தேன்.
வலது கை போனதை நான் பார்க்கவில்லை,
குனிந்து பேனா மூடியைத் தேடிக்கொண்டிருந்தேன்.
நாற்பத்தொரு விநாடி.
இசுரு கூரையைப் பார்த்துக் கிடந்தான்,
மழையை எண்ணுகிறவனைப் போல.

மண்டபம் எழுந்து ஆடியது.
நான் உட்கார்ந்தே இருந்தேன்.
பத்து விளம்பரம், ஓய்வு ஒன்றுகூட இல்லை.
மிச்ச நேரத்துக்கு சனல்
போன வருடத்துச் சமையல் நிகழ்ச்சியைப் போட்டது.
வாழைப்பூ வடை.

இரவு குணாளன் ஏழாயிரத்து ஐந்நூறை நீட்டினான்.
"நேரத்தோட முடிச்சிட்டியே தம்பி. அரைப்பேர்தான்."
சானுஜன் காசை எண்ணவில்லை.
"கொந்தரப்புன்னு நெனச்சேண்ணே.
வேல முடிஞ்சா எறங்கிடலாம்னு."

அந்த நாற்பத்தொரு விநாடியை
யாரோ போனில் பிடித்துப் போட
மூன்று லட்சம் பேர் பார்த்தார்கள்.
கட்டாரில், கொழும்பு ஹோட்டல் குசினிகளில்,
நம் பையன்கள் திருப்பித் திருப்பி.
ஒரு சதம் மலையேறி வரவில்லை.

சனலிலிருந்து கடிதம் வந்தது,
தை மாதம் முதல் ஒரு லட்சத்து எழுபது.
பத்து ரவுண்ட் ஆக்கலாம் என்கிறான் குணாளன்,
ஒன்பது ஓய்வு, பதினெட்டு விளம்பரம்.
அரை மணிக்குள் அடங்காதே என்றேன்.
"ரவுண்ட ரெண்டு நிமிசமாக்கு."
போட்டுப் பார்த்தேன். இருபத்தொன்பது. அடங்குகிறது.
மூச்சும் அடங்குமோ என்று கேட்கவில்லை.
இது எத்தனை நாளுக்கு மகள் என்று கேட்ட ஹாஜியார்
பதிலுக்கு நிற்காமல்
செக்கில் தேதியை ஒரு மாதம் தள்ளி எழுதினார்.

இன்று மறுபடி சானுஜன்.
சொல்லிக்கொடுத்தபடி காற்றைக் குத்துகிறான்,
விருந்தாளியிடம் பழகுவதுபோல் எதிராளியிடம் பழகுகிறான்.
நான்காவது ரவுண்டில் புருவம் பிளந்துவிட்டது.
ஓய்வு.
சளி மருந்துக்குப் புது விளம்பரம்,
முப்பது விநாடி என்றார்கள், முப்பத்துநான்கு ஓடுகிறது.
கமராக்காரன் கையை உயர்த்துகிறான்: பொறு.
சுத்தியலைப் பிடித்தபடி நிற்கிறேன்.
இரத்தம் இமையில் இறங்க
சானுஜன் என்னையே பார்க்கிறான்,
ஒன்று,
இரண்டு, நெஞ்சு ஏறி இறங்குகிறது,
மூன்று.
யாரும் காசு கட்டாத இந்த நான்கு விநாடியை
நான் யார் பேரில் எழுத?