மூன்று இரவு, முப்பத்திரண்டு அங்கி

இஸ்திரி போடத்தான் என்னைக் கூப்பிட்டார்கள்,
பாட்டுக் கேட்க அல்ல.
பிரான்சிலிருந்து பெட்டியில் கசங்கி வந்த
முப்பத்திரண்டு வெள்ளை அங்கிகள்.
கழுத்துப்பட்டியின் உட்புறம்
அம்மாக்கள் நீல நூலில் தைத்த பெயர்கள்:
ஒரேலியன், கஸ்பார், மத்தூரேன்.
தெயோவின் பெயர் மட்டும் பேனாவில்,
பாதி அழிந்து.

சாந்-தெனி பேராலயம், டிசம்பர் இருபது.
அடிமைகள் விடுதலையான நாள்;
கடற்கரைப் பக்கம் மலோயா மேளம்
மாலையிலிருந்தே தொடங்கிவிட்டது.
உள்ளே பையன்கள் பனி பொழிவதைப் பாடுகிறார்கள்.
வெளியே தீக்கொன்றை கொட்டிக் கிடக்கிறது.
முதல் வரிசை அம்மாள் விசிறிக்கொள்வது
நிகழ்ச்சி நிரலால்.
காரைக்காலில் என் நள்ளிரவுப் பூசைக்குக்
குரங்குக் குல்லாய் உண்டு.
இங்கே அரைமணியில்
என் மடிப்பெல்லாம் வேர்வையில் போயிற்று.

இடது ஓரத்துப் பையனின் கால்
வெளி மேளத்துக்குத் தட்டுகிறது.
பாட்டு வாத்தியார் பார்த்தார்.
கால் நின்றது.
பூட்சுக்குள் பெருவிரல் என்ன செய்ததோ.

மறுநாள் சாந்-பெனுவா.
தகரக் கூரை. மழை.
மழை பாடியது, பையன்கள் வாயசைத்தார்கள்.
காசு கொடுத்தவர்கள் கைதட்டினார்கள்.

பேருந்து ஓட்டுவது என் கணவர்,
ழில்பேர் வைத்திலிங்கோன்.
வைத்திலிங்கமாய்க் கப்பலேறிய ஒருவர்
பதிவேட்டில் இறங்கும்போது
வால் மாறிப்போன பெயர்.
நெருப்பு மிதிக்கக் காப்புக் கட்டியிருக்கிறார்;
வாசற்படியோடு நின்று கேட்டார்.
"இது என்ன பாஷை?"
"லத்தீன்."
"பையன்களுக்குப் புரியுமா?"
"எங்கே புரியப் போகிறது."
சிரித்தார்.
அவர் சட்டைப்பை நோட்டில்
திரௌபதையம்மனுக்குப் பாடும் தமிழ்
பிரெஞ்சு எழுத்தில் இருக்கிறது.
வரிக்கு வரி எனக்குப் புரியும்.
அவர் கேட்டதில்லை.
கேட்காமல் சொல்வதெப்படி என்று
நாலு வருஷமாய் நானும் இருக்கிறேன்.

மூன்றாம் நாள் சிலாவோஸ்.
மலைக்கு நானூறு வளைவு என்பார்கள்.
எண்ணத் தொடங்கிய பையன்கள்
அறுபதில் வாய்மூடிக்கொண்டார்கள்.
ஒரேலியன், தனிக்குரல் பாடுகிறவன்,
சுரங்கம் தாண்டியதும் பையில் வாந்தி எடுத்தான்.
கொம்பாவா இலையைக் கசக்கி
அவன் மூக்கருகே பிடித்திருந்தேன்.
மேலுதட்டில் பூனைமயிர்.

மேலே குளிர்.
முதல் முறையாக அங்கிகள்
நான் மடித்தபடியே நின்றன.
உடைமாற்றும் அறைக் கதவை
ஒரு கையளவு திறந்து வைத்துக் கேட்டேன்.
அவன் ஏறினான், இன்னும் ஏறினான்,
வானதூதர் வரும் இடத்தில்
குரல் பிளந்தது.
அவனுக்குள்ளிருந்து யாரோ பெரிய ஆள்
இருமியதுபோல.

வாத்தியாரின் கை அந்தரத்தில்.
ஒரு மூச்சு. இரண்டு.
யாரும் சொல்லாமல் தெயோ,
பேனாப் பெயர்க்காரன்,
விழுந்த இடத்திலிருந்து எடுத்துக்கொண்டு போனான்.
சுருதி கொஞ்சம் கம்மி.
சபையில் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அங்கியை ஒரேலியன் என்னிடம் தரவில்லை.
தானே மடித்தான், கோணலாக.
பிரித்து மறுபடி மடித்தான்.
கைகள் மணிக்கட்டுக்கு எவ்வளவு மேலே நின்றிருக்கின்றன!
மூன்று நாளாய்த் தேய்த்தும் நான் கவனிக்கவில்லை.

இறக்கத்தில் எல்லோரும் தூக்கம்.
மடியில் லிச்சித் தோல், பிசுபிசுத்த விரல்கள்.
கண் சொக்காமலிருக்க ழில்பேர்
அம்மன் பாட்டை முணுமுணுக்கிறார்.
முன்சீட்டில் ஒரேலியன்.
ஏழெட்டு வளைவு பேசாமல் கேட்டான்.
பிறகு, பழகாத கீழ்க்குரலில்,
யாருடைய செருப்பையோ போட்டு நடப்பதுபோல்,
கூடவே முனகினான்.

"என்ன மொழி?"
"தமிழ்."
"என்ன அர்த்தம்?"

ழில்பேர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.
கீழே போய்ச் சேர
இன்னும் முன்னூறு வளைவு.