ரெண்டு சீட்டு வண்டி

போன புயலில் காசிமேட்டில் உடைந்த படகுகளில்
நாற்பத்தொன்றை நான்தான் ஒட்டினேன்.
அந்தக் காசு கையில் இருந்தது.
நகையாக்கலாம் என்றாள் ஜெனோவா. எனக்கு மனசு வரவில்லை.
அடுத்தவன் நட்டத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு
கோயிலுக்கு எப்படிப் போவது?
உருப்படாத எதிலாவது போட்டுத் தொலைக்கலாம் என்று
கார் பார்க்கக் கிளம்பினேன்.

சாத்தாங்காட்டு இரும்புக் கிடங்கில்
தார்ப்பாய்க்கு அடியில் இருந்தது ஜப்பான் வண்டி.
சிவப்பு. கருவாட்டில் கண் வைத்த பூனை மாதிரி
தரையோடு தரையாய்ப் பதுங்கி.
தரகர் முகைதீன் பாய் சாவியைத் திருப்பினார்.
என்ன சொல்ல!
இருபத்தெட்டு வயசு எஞ்சின்,
ஒரு செருமல்கூட இல்லை.
ரேடியோவை மட்டும் திருகித் திருகிப் பார்த்தேன்,
இரைச்சல்.
அந்த ஊர் ரேடியோ தொண்ணூறோடு நின்றுவிடுமாம்;
நம்மூர்ப் பாட்டெல்லாம் அதற்கு மேலே.
"கஸ்டம்ஸ் பேப்பரு?"
"வந்துனே இருக்கு."
நாலு வருஷமாய் வந்துகொண்டிருக்கிறது.

குனிந்து சக்கர வளைவுக்குள் விரலை விட்டேன்.
பொரபொரவென்று உதிர்ந்தது.
எங்கள் காற்று இரும்பைத் தின்னும்.
ஜன்னல் கம்பி, சைக்கிள், தண்ணீர்த் தொட்டி ஏணி,
கல்லறைச் சிலுவை,
எதையும் விட்டதில்லை.

இன்னொன்று காலடிப்பேட்டையில், ஒரு பல் டாக்டர் வீட்டில்.
கோவாவில் செய்தது. மஞ்சள்.
எதிலோ மோதி ஒரு பக்கக் கண் உள்ளே போயிருந்தது.
உள்ளூர் வண்டி என்று பேர்தான்,
நெஞ்சுக்குள் ஓடுவது பிரெஞ்சுக்காரன் எஞ்சின்.
"ஸ்பேர் கெடைக்காதுப்பா" என்றார் டாக்டர், மறைக்காமல்.
"புதுப்பேட்டை முழுக்கத் தேடிட்டேன்."
கிளப்பினார். காசநோய்க்காரன் போல இருமியது.
படகில் மாட்டும் மோட்டாரே தேவலை.
சரி, வருகிறேன் என்று சொல்லி
பானெட்டைச் சும்மா தட்டினேன்.

டொக்.

அந்தச் சத்தம் எனக்குத் தெரியும்.
ஃபைபர்!
மேலுடம்பு முழுக்க ஃபைபர், ஒரு சாண் தகரம் இல்லை.
உடைந்த இடத்தில் பிரிந்து நின்ற வெள்ளை நார்
நாங்கள் போடுகிற அதே மேட், அதே பிசின்.
மோந்து பார்த்தேன். டாக்டர் ஒரு மாதிரியாய்ப் பார்த்தார்.

கோவாவில் யாரோ ஒருத்தன்
என்னைப் போலவே கையுறை போடாமல்
ரோலரை உருட்டிக் குமிழியை ஓட்டிவிட்டு
அரிக்கும் முழங்கையோடு சோறு தின்னப் போயிருக்கிறான்.
ஒரு மூலையில் மட்டும் குமிழி அப்படியே இருக்கிறது.
சம்பளச் சனிக்கிழமையாக இருக்கும்.

ஜப்பான்காரன் என்னைவிடக் கெட்டிக்காரன்,
அதில் பேச்சே இல்லை.
ஆனால் அவன் வண்டியில் எனக்கு ஒரு வேலையும் இல்லை.
அது சாகும்போது பக்கத்தில் நிற்கலாம், அவ்வளவுதான்.

மஞ்சளுக்கு முன்பணம் கொடுத்தேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்த அன்று
ஜெனோவா வண்டியை ஒரு சுற்று சுற்றினாள்.
"ரெண்டு சீட்டுதான் கீது. நாம மூணு பேரு."
சத்தியமாக அது எனக்குத் தோன்றவே இல்லை.

இப்போது முறை வைத்திருக்கிறோம்.
ஒரு ஞாயிறு அவள், மறு ஞாயிறு மகள்.
விடியற்காலை நாலு மணிக்கு எண்ணூர் நெடுஞ்சாலை,
ஒரு பக்கம் முழுக்கத் துறைமுகத்துக்கு நிற்கும் டிரெய்லர்கள்,
மறுபக்கம் கடல்.
ரேஸ் வண்டி, ரெண்டாவது கியர்.
போன வாரம் ஒரு டிரைவர்
மேலேயிருந்து எட்டிப் பார்த்தான்.
"இன்னா வெலைண்ணா?"
"நாப்பத்தியொரு படகு."
அவனுக்குக் கேட்கவில்லை,
வரிசை நகர ஆரம்பித்துவிட்டது.