ஊசி, நூல், கணக்கர்

மேல்மாடி டெட்லெஃப்
இடுப்பு மூட்டு மாற்றப் போனார்.
ஆறு வாரம்தானே என்றேன்.
ஒரு கூண்டும் இரண்டு நெளிவும்
என் வீட்டுக்கு இறங்கி வந்தன.

கீரியா என்றாள் தொலைபேசியில் தங்கை.
இல்லை, ஃபெரட்.
மரநாய்க்கு ஒன்றுவிட்ட தம்பி முறை.
கோழி பிடிக்குமே என்றாள்.
வூப்பர்டாலில், இரண்டாம் மாடியில்,
கோழிக்கு எங்கே போக.

ஊசி, நூல் என்று பெயர் வைத்தது நான்தான்.
டெட்லெஃப் வைத்தவை
என் வாயில் நுழையவில்லை.
இவை நுழையாத இடம் வீட்டில் இல்லை.

என் பூனை கணக்கர்.
ஒன்பது வயது.
சாப்பாடு ஒரு நிமிடம் பிந்தினால்
நோட்டீஸ் அனுப்பாத குறையாகப் பார்ப்பார்.
முதல் நாள் அலமாரி உச்சியில் ஏறியவர்
மூன்று நாள் இறங்கவில்லை.
கீழே அவை இரண்டும்
தரை சூடான தோசைக்கல் என்பது போல்
பக்கவாட்டில் துள்ளின, பின்னோக்கித் துள்ளின,
சுவரில் மோதின,
மோதியது சுவரின் தப்பு என்று மறுபடி துள்ளின.
டுக் டுக் டுக் என்று
தொண்டைக்குள் ஒரு சின்ன இயந்திரம்.

நாலாம் நாள் மொத்தமாக விழுந்தார்,
ஊசியின் மேல்.
கரண்டியோடு ஓடி வந்தேன்.
சண்டை இல்லை.
நகங்கள் உள்ளேயே இருந்தன.
ஊசி கழுத்துத் தோலைக் கவ்வி இழுக்க
ஒன்பது வருடக் கௌரவம்
சாக்கு மூட்டை மாதிரி இழுபட்டுப் போனது,
கண்ணை மூடிக்கொண்டு.

பன்னிரண்டாம் நாள் நூல் செத்துப்போனது.
துணிக்குழாய்க்குள் இருந்து உருவினேன்.
ஈரத் துவாயாகத் தொங்கியது.
பெயர் சொன்னேன். உலுக்கினேன்.
டெட்லெஃபுக்குச் சொல்ல
ஜெர்மனில் வாக்கியம் கட்டினேன்,
வினைச்சொல்லைக் கடைசியில் வைத்து.
கணக்கர் வந்து மோந்தார்.
காதை நக்கினார்.
நூல் கொட்டாவி விட்டது.
அவை அப்படித்தான் தூங்குமாம்.
எனக்கு யாரும் சொல்லவில்லை.
அவருக்கு யார் சொன்னது?

சன்னலுக்கு வெளியே
ஆற்றின் மேல் தொங்கியபடி ரயில் போகும்.
மூன்றும் வரிசையாக நின்று பார்க்கும்:
கணக்கர் ரயிலை,
நூல் கணக்கரின் வாலை,
ஊசி என் சாவிக்கொத்தை.

நேற்று டெட்லெஃப் வந்தார், ஊன்றுகோலோடு.
கூண்டு காலி.
சோபாவை நகர்த்தினோம்.
சாவிக்கொத்து, மிளகாய்ப்பொடிக் கரண்டி,
வரி அலுவலகக் கடிதத்தில் பாதி,
ஏழு காலுறை, எதற்கும் ஜோடி இல்லை.
நடுவில் கணக்கர்.
அவர் வயிற்றுக்கடியில் ஒரு முடிச்சு,
எது ஊசி எது நூல் என்று தெரியாமல்.

டெட்லெஃப் குனியப் பார்த்தார். முடியவில்லை.
நான் குனிந்திருக்கலாம்.
தேநீர் போடவா என்றேன்.
சப்பாத்தைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தார்.
நாளைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்றார்,
மூன்றாவது கோப்பையில்.

படியேறும்போது
இடது காலை ஒரு மாதிரி வைத்தார்.
இடுப்பு என்று நினைத்தேன்.

இன்று காலை சோபாவுக்குப் பின்னே
ஏழு காலுறைக்குப் பக்கத்தில்
அவர் சப்பாத்தின் உள்மெத்தை.
அதன்மேல் கணக்கர்,
வரவு வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.