இடைவெளிகளையும் சேர்த்து

படிவத்தில் ஒரே ஒரு கட்டம்.
நூற்றைம்பது எழுத்து, இடைவெளிகளையும் சேர்த்து.
வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு அலுவலகம் மூடும்.

தார்த்துவில் ஏப்ரல். வெளியே மழை.
முந்நூற்றுப் பன்னிரண்டு பக்கத்தை
அந்தக் கட்டத்துக்குள் இறக்கப் பார்க்கிறாள் ஹெய்லி.
எதிர் மேசையில் நான்.

முதலில் எழுதியது சரக்கு ரயில்போல் வந்தது:
'பெய்ப்சி ஏரியின் பனித்தளத்தில் ஏற்படும் விரிசல்களின்
உருவாக்கம், பரவல், ஒலி மற்றும்
மீனவர் பாதுகாப்பின் மீது அவற்றின் தாக்கம் குறித்த
ஒரு விரிவான ஆய்வு.'

'குறித்த ஒரு விரிவான ஆய்வு' போகட்டும் என்றேன்.
ஆய்வேடு தன்னை ஆய்வு என்று சொல்லிக்கொள்வது
நாய் தன் கழுத்தில்
'நாய்' என்று பலகை மாட்டிக்கொள்வது.
அவள் சிரிக்கவில்லை. அடித்தாள்.

'தாக்கம்' மல்லுக்கு நின்றது.
தாக்கம் என்றால் நிரூபித்திருக்க வேண்டும்.
அவளிடம் இருப்பவை
பனிக்கு அடியில் இறக்கிய பதினோரு ஒலிவாங்கிகள்,
கோல்க்யா கரையிலிருந்து ஃபெதோத் என்கிற மீனவர்
தினமும் விடிகாலை போனில் சொன்ன ஒரு சொல்:
'பாடுது.'
அல்லது, 'பாடல.'
பாடாத பனியில் அவர் கால் வைக்கமாட்டார்.
தாக்கம் போய் 'தொடர்பு' வந்தது.
ஏழைச் சொல். ஆனால் கடனில்லாதது.

பேராசிரியர் ஆர்வெட் எட்டிப் பார்த்தார்.
'முக்காற்புள்ளி வை. முன்னால் கவர்ச்சி, பின்னால் கணக்கு.
"பாடும் பனி" என்று தொடங்கினால்
நாலு பேர் திறப்பார்கள்.'
'திறந்து பாட்டைத் தேடுவார்கள்.
உள்ளே அலைவெண் அட்டவணைதானே இருக்கிறது?'

எல்லாம் வெட்டியபிறகும்
ஒரு சொல் அசையவில்லை.
மூன்று.
மூன்று குளிர்காலங்கள் என்றுதான் பணம் வாங்கியிருந்தாள்.
மூன்றாவதில் ஏரி உறையவே இல்லை.
ஒலிவாங்கிகள் பெட்டிக்குள் கிடந்தன.
ஃபெதோத் மட்டும் நிறுத்தவில்லை.
'தண்ணி' என்பார். வைத்துவிடுவார்.
குறிப்பேட்டில் தேதி போட்டு
அறுபத்து மூன்று 'தண்ணி.'

'"சில" என்று போடேன்' என்றார் ஆர்வெட்,
'யார் எண்ணப்போகிறார்கள்?'
'இரண்டு' என்றால் பொய்யில்லை.
அந்த அறுபத்து மூன்று காலைகளை எங்கே வைப்பது?

எஸ்தோனிய மொழியில் தலைப்புக்கு
மேலெழுத்து என்று பெயர்.
நான் அதை ஒவ்வொரு முறையும்
தலையெழுத்து என்றே படித்துத் தொலைக்கிறேன்.

மூன்றரைக்குத் தட்டச்சினாள்:
'பெய்ப்சி ஏரிப் பனியின் விரிசலுக்கும் ஒலிக்கும் உள்ள தொடர்பு:
இரண்டு குளிர்காலங்களும் உறையாத ஒன்றும்.'
முக்காற்புள்ளி எப்படியோ நுழைந்துவிட்டது.
அவள் மொழியில் எண்ணினால்
ஓர் எழுத்துக்கு இடம் மிச்சம்.
அதை அப்படியே விட்டாள்.

அலுவலகத்திலிருந்து திரும்பும் வழியில்,
குடைக்குள் நின்று,
ஃபெதோத்துக்குப் போனில் படித்துக் காட்டினாள்.

'நீளம்' என்றார்.
வைத்துவிட்டார்.